கடைசிச் சுற்றில் ஒரு புள்ளி: ‘கவுண்ட்டவுன்’ ஆட்டத்தின் நெருக்கமான முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் வார நாட்களின் பிற்பகலில் வரும் சொல், எண் விளையாட்டு ‘கவுண்ட்டவுன்’. லண்டனில் அக்கா வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது இது எனக்குப் பழக்கமானது. அக்காவும் நானும் தேநீரோடு உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் எழுதி, திரையில் இருப்பவர்களோடு சேர்ந்து விளையாடுவோம். ஊர் திரும்பிய பிறகும் அந்த ஆட்டம் என்னை விடவில்லை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்டம் நெருக்கமாக முடிந்தால் கடைசிப் புதிர்தான் அதை முடிவு செய்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நடுவில் வரும் ஆறாவது ஏழாவது சுற்றுகளிலேயே முடிவு பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வரும்.

இந்த நிகழ்ச்சி எங்கிருந்து வந்தது?

பிரான்சிலிருந்து. அர்மாந் ஜாமோ என்பவர் உருவாக்கிய சொல் விளையாட்டு ஒன்று அங்கே 1965இல் தொடங்கியது. பின்னர் அதோடு எண் சுற்றும் சேர்ந்து, 1972இல் ‘எண்களும் எழுத்துகளும்’ என்று பொருள்படும் புதிய பெயரைப் பெற்றது. 2024 வரை அது பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஓடியது. மார்செல் ஸ்டெல்மன் என்ற பெல்ஜியக்காரர் அந்த விளையாட்டை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். 1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் 4 தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதலில் காட்டிய நிகழ்ச்சியே ‘கவுண்ட்டவுன்’தான். லீட்ஸ் நகரில் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி அதைத் தயாரித்தது. முதல் தொகுப்பாளர் ரிச்சர்ட் வைட்லி 2005இல் இறக்கும்வரை அதை நடத்தினார். எண் பலகையருகே 2008 வரை கரோல் வோர்டர்மன் நின்றார். 2009 முதல் அந்த இடத்தில் ரேச்சல் ரைலி நிற்கிறார். சொற்களைச் சரிபார்க்கும் அகராதி மூலையில் 1992 முதல் சூசி டென்ட் இருக்கிறார்.

ஒரு ஆட்டத்தில் எத்தனை சுற்றுகள்?

இப்போது 15. எழுத்துச் சுற்று 10, எண் சுற்று 4, கடைசியில் ‘கனண்ட்ரம்’ எனப்படும் ஒன்பது எழுத்துப் புதிர் ஒன்று. தொடக்கத்தில் அரை மணி நேர நிகழ்ச்சியாக இருந்தபோது மொத்தமே ஒன்பது சுற்றுகள்தான்.

எழுத்துச் சுற்றில் உயிரெழுத்துச் சில்லுகள் ஒரு குவியலாகவும் மெய்யெழுத்துச் சில்லுகள் இன்னொரு குவியலாகவும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். போட்டியாளர் இருவரில் தேர்வு செய்யும் முறை வந்தவர் எந்தக் குவியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒன்பது சில்லுகள் பலகையில் ஏறும். குறைந்தது மூன்று உயிரும் நான்கு மெய்யும் இருக்க வேண்டும். முப்பது நொடிக்குள் அவற்றைக் கொண்டு எவ்வளவு நீளமான சொல்லை அமைக்க முடியும் என்பதுதான் போட்டி. எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. ஒன்பதையும் பயன்படுத்திவிட்டால் இரட்டிப்பாகி 18.

எண் சுற்றில் ஆறு எண்கள் எடுக்கப்படும். மொத்தம் 24 சில்லுகள். அவற்றில் 25, 50, 75, 100 ஆகிய நான்கும் பெரியவை. 1 முதல் 10 வரை இரண்டிரண்டாக உள்ள இருபதும் சிறியவை. பிறகு ஒரு கருவி மூன்று இலக்க இலக்கு ஒன்றைத் தரும். அந்தக் கருவிக்கு ‘செசில்’ என்று செல்லப் பெயர். அந்தப் பெயரின் விரிவில் லீட்ஸ் நகரின் பெயரும் அடங்கியிருக்கிறது. படப்பிடிப்பு லீட்ஸை விட்டு மான்செஸ்டர் பக்கம் போன பிறகும் பெயர் மாறவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் பயன்படுத்தலாம். ஒரு சில்லை ஒரு முறைக்கு மேல் எடுக்கக் கூடாது, இடையில் பின்னம் வரக் கூடாது. இலக்கைச் சரியாகத் தொட்டால் 10 புள்ளி. ஐந்துக்குள் நெருங்கினால் 7, பத்துக்குள் நெருங்கினால் 5.

இருவரும் திறமைசாலிகளாக இருந்தாலும் புள்ளிகள் சட்டென்று ஏறி இறங்குவது ஏன்?

புள்ளி வழங்கும் விதியில் அதற்கு விடை இருக்கிறது. ஒரு சுற்றில் சிறந்த விடை சொன்னவருக்கு மட்டும்தான் புள்ளி. நீங்கள் ஏழெழுத்துச் சொல் வைத்திருக்கிறீர்கள், எதிராளி எட்டெழுத்துச் சொல் வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு எட்டு, உங்களுக்கு ஏழு என்று கணக்கு வராது. அவருக்கு எட்டு, உங்களுக்குச் சுழியம். இருவரும் சம நீளச் சொல் சொன்னால் இருவருக்கும் புள்ளி உண்டு. அப்போது இடைவெளி மாறாமல் அப்படியே நிற்கும்.

இதனால் பல சுற்றுகளில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். ஏழுக்கு ஏழு, ஆறுக்கு ஆறு என்று இருவரும் கைகோத்து நடப்பார்கள். திடீரென்று ஒரே ஒரு எழுத்தில் ஒருவர் எட்டிப் பார்ப்பார், எட்டுப் புள்ளி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். எட்டெழுத்துச் சொல்லுக்கு எதிராக ஒருவர் ஒன்பதெழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்தால் ஒரே சுற்றில் 18 புள்ளி நகரும். பத்துச் சுற்றுகளாகக் கட்டிய முன்னிலை முப்பது நொடியில் கரைந்துபோகலாம். திறமையில் இணையான இருவர் ஆடும்போது மொத்த ஆட்டத்திலும் இப்படிப்பட்ட சரிவுகள் மூன்றோ நான்கோதான் வரும். அவை எதிரெதிர்ப் பக்கமாக விழுந்து ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டால், கடைசியில் ஐந்தாறு புள்ளி இடைவெளிதான் மிஞ்சும்.

கையில் உறுதியான ஏழெழுத்துச் சொல் இருக்கிறது. சந்தேகமான எட்டெழுத்துச் சொல்லும் இருக்கிறது. எதைச் சொல்வது?

என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு வினைச்சொல்லோடு ‘ஈ, ஆர்’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அதைச் செய்பவரைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் பிறக்கும். ஆனால் அகராதி அந்தச் சொல்லை ஏற்றிருக்கிறதா என்பது வேறு விஷயம். காதுக்கு இயல்பாக ஒலிக்கும், பத்திரிகையில் படித்தது போலவும் இருக்கும், அகராதியைப் புரட்டினால் இருக்காது. இல்லையென்றால் அந்தச் சுற்றில் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. பாதுகாப்பாக வைத்திருந்த ஏழுக்கும் திரும்ப முடியாது.

இதை எதிராளியின் கையைப் பொறுத்துக் கணக்கிட வேண்டும். மூன்று நிலைமைகள் உண்டு.

அவரிடமும் ஏழுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏழைச் சொன்னால் இடைவெளி மாறாது. எட்டைச் சொல்லி அது செல்லுபடியானால் உங்களுக்கு எட்டுப் புள்ளி ஆதாயம். செல்லாவிட்டால் ஏழு புள்ளி நட்டம். அதாவது சொல் அகராதியில் இருக்க நூற்றுக்கு 47 வாய்ப்பு உண்டு என்று உங்கள் மனம் சொன்னாலே துணிந்துவிடலாம். பாதிக்குப் பாதி நம்பிக்கை போதும்.

அவரிடம் எட்டு இருக்கிறதென்றால் இன்னும் எளிது. நீங்கள் ஏழைச் சொன்னாலும் எட்டுப் புள்ளி பின்தங்கப் போகிறீர்கள், செல்லாத எட்டைச் சொன்னாலும் அதே எட்டுதான். இழக்க ஒன்றும் இல்லை. எட்டைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அவரிடம் ஆறுதான் இருக்கிறதென்றால் கதை தலைகீழ். ஏழைச் சொன்னாலே ஏழு புள்ளி ஆதாயம் வந்துவிடுகிறது. எட்டைச் சொன்னால் ஒரே ஒரு புள்ளி கூடுதல். தவறினாலோ ஆறு புள்ளி அவர் பக்கம் போகும், மொத்தத்தில் 13 புள்ளிச் சரிவு. நூற்றுக்கு 93 உறுதி இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

எளிய கணக்குதான். ஆனால் முப்பது நொடி முடிந்து, கேமரா முகத்துக்கு நேரே நிற்கும்போது இந்தக் கணக்கைப் போட எத்தனை பேருக்கு மனம் ஓடும்? நல்ல ஆட்டக்காரர்கள் இதை வீட்டிலேயே போட்டுப் பழகி வந்திருக்கிறார்கள். சந்தேகமான சொல்லைச் சொல்லும்போது அவர்கள் குரல் தயங்காது.

யார் முதலில் அறிவிப்பது? அதில் சாதக பாதகம் உண்டா?

எழுத்துகளைத் தேர்வு செய்தவர் முதலில் நீளத்தை அறிவிப்பார். தேர்வு செய்யும் வாய்ப்பு மாறி மாறி வருவதால் மொத்தத்தில் இருவருக்கும் சமம். ஆனால் ஒரு தனிச் சுற்றில் இரண்டாவதாக அறிவிப்பவருக்குத் தெளிவான சாதகம் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று நிலைமைகளில் எது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எதிராளி ‘ஆறு’ என்று சொன்னதும் சந்தேகமான எட்டை மடித்து வைத்துவிட்டு ஏழைச் சொல்லலாம். முதலில் அறிவிப்பவர் இருட்டில் நடக்கிறார். அதனால்தான் தன் தேர்வுச் சுற்றில் ஒருவர் துணிந்து எட்டைச் சொல்லி அது செல்லுபடியாகும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுகிறேன்.

நேர்மைக்கும் விதிகள் உண்டு. சொல்லைத் தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அறிவிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், அப்போது அவர்தான் முதலில் சொல்லை வெளியிடுவார். இருவரும் ஒரே சொல்லை வைத்திருந்தால் இரண்டாமவர் தன் தாளை எதிராளியிடம் காட்ட வேண்டும்.

எந்தச் சொல் செல்லும், எது செல்லாது?

ஆக்ஸ்ஃபர்டு அகராதிதான் தீர்ப்பு. முன்பு தடித்த அச்சுப் பிரதி மேசையில் இருக்கும், இப்போது இணையப் பதிப்பு. ஊர்ப்பெயர், ஆள்பெயர், இணைப்புக்குறி உள்ள சொல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் எதுவும் செல்லாது. பன்மையும் வினைத் திரிபுகளும் செல்லும்.

எண் சுற்றில் பெரிய எண்கள் எத்தனை எடுப்பது நல்லது?

முன்னிலையில் இருக்கிறீர்களா, பின்தங்கியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. ஒரு பெரிய எண், ஐந்து சிறிய எண்கள் என்று எடுத்தால் பெரும்பாலும் இருவருமே இலக்கைத் தொட்டுவிடுவார்கள். பத்துக்குப் பத்து, இடைவெளி மாறாது. முன்னிலையில் இருப்பவர் விரும்புவது அதுதான்.

பின்தங்கியவருக்கு அது உதவாது. இருவருக்கும் எளிதான கணக்கு அவருக்கு வீண். அவர் நான்கு பெரிய எண்களையும் கேட்க வேண்டும், அல்லது ஆறும் சிறியவையாகக் கேட்க வேண்டும். நான்கு பெரிய எண்களும் 25இன் மடங்குகள் என்பதால் அவற்றை ஒன்றோடொன்று கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் மீண்டும் 25இன் மடங்குகளே வரும். நுணுக்கமாகத் திருத்த இரண்டே இரண்டு சிறிய எண்கள்தான் மிஞ்சும். ஆறும் சிறியவை என்றால் தொள்ளாயிரத்துச் சொச்சம் போன்ற இலக்கை எட்டவே மூச்சு முட்டும். இப்படிப்பட்ட சுற்றுகளில் ஒருவர் வென்று மற்றவர் தோற்க இடம் உண்டு. தனக்கும் கடினம்தான் என்று தெரிந்தே இதைத் தேர்ந்தெடுப்பவரின் நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன்.

952 என்ற எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

1997இல் நடந்த சுற்று அது. எடுத்த எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. போட்டியாளர் ஒருவர் அமைதியாகத் தன் வழியைச் சொன்னார். நூறோடு ஆறைக் கூட்டினால் 106. அதை மூன்றால் பெருக்கினால் 318. அதை 75ஆல் பெருக்கினால் 23,850. ஐம்பதைக் கழித்தால் 23,800. அதை 25ஆல் வகுத்தால் 952. எழுதிக்கொண்டே வந்த கரோல் வோர்டர்மன் திகைத்துப் போனார்.

இதே எண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆறை 75ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 9. நூறும் மூன்றும் 103. இரண்டையும் பெருக்கினால் 927, அதோடு 25. இதில் ஆயிரங்களுக்கு ஏற வேண்டியதில்லை, மனக்கணக்காகப் போட்டுவிடலாம். ஆனாலும் மக்கள் நினைவில் நின்றது முதல் வழிதான். ஆயிரத்துக்குள் இருக்கும் இலக்கைத் தேடி இருபத்து மூவாயிரம் வரை ஏறி, அங்கிருந்து ஒரே வகுத்தலில் இறங்கி வந்த துணிவு அது. முப்பது நொடியில்.

இலக்குக்கு ஒன்று தள்ளி நின்றால் அவ்வளவு பெரிய இழப்பா?

நெருக்கமான ஆட்டத்தில் அதுவே எல்லாமும். நானே அமைத்த ஓர் ஆட்டத்தைக் காட்டுகிறேன். பதிமூன்று சுற்றுகள் முடிந்து முதலாமவர் 78, இரண்டாமவர் 69. இன்னும் இரண்டு சுற்றுகள். கனண்ட்ரத்துக்கு முந்தைய பதினான்காவது சுற்று எண் சுற்று. எண்கள் 100, 25, 9, 7, 4, 2. இலக்கு 683.

இருவர் மனமும் ஒரே பாதையில் ஓடும். ஏழு நூறு எழுநூறு, அதில் 25 போக 675. இன்னும் எட்டு வேண்டும். கண்ணெதிரே ஒன்பது இருக்கிறது. முதலாமவர் ஒன்பதைக் கூட்டி 684 என்று எழுதி, மிச்சம் இருக்கும் ஒன்றைக் கழிக்க வழி தேடுகிறார். 4, 2 இரண்டையும் வைத்து ஒன்றை உண்டாக்க முடியாது. நேரம் முடிகிறது. இரண்டாமவர் ஒன்பதைத் தொடாமல் நான்கையும் இரண்டையும் பெருக்கி எட்டாக்கி, 683ஐத் தொட்டுவிடுகிறார்.

ஒன்று தள்ளி நிற்கும் விடைக்கு 7 புள்ளி என்றுதானே விதி? எதிராளி சரியாகத் தொட்டுவிட்டதால் அந்த ஏழும் இல்லை. இரண்டாமவருக்குப் பத்து. இப்போது 79க்கு 78. ஆட்டம் முழுவதும் முன்னிலையில் இருந்தவர் முதல் முறையாக ஒரு புள்ளி பின்னால் நிற்கிறார்.

இதே ஆட்டத்தின் ஆறாவது சுற்றுக்குத் திரும்பிப் போவோம். அங்கே முதலாமவர் உறுதியான ஏழை விட்டுவிட்டு எட்டைச் சொன்னார், அகராதி ஏற்கவில்லை. இரண்டாமவரின் ஏழு மட்டும் நின்றது. அன்று ஏழைச் சொல்லியிருந்தால் இருவருக்கும் ஏழு கிடைத்திருக்கும், இப்போது நிலைமை 85க்கு 79. ஆறாவது சுற்றில் எவரும் பெரிதாகக் கவனிக்காத அந்த ஒரு சொல்தான், கடைசிப் புதிருக்கு முன்னால் யார் நிம்மதியாக மூச்சுவிடுவது என்பதை முடிவு செய்திருக்கிறது. அவர் துணிந்ததைத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். பாதி நம்பிக்கை இருந்தால் துணியலாம் என்று மேலே நானே சொன்னேன். சரியான முடிவும் சில நாள் புள்ளியை இழக்கும்.

கடைசிப் புதிர் எப்போது ஆட்டத்தைத் தீர்மானிக்கும்?

புதிரின் மதிப்பு 10 புள்ளி. ஆகவே பதினான்கு சுற்றுகள் முடிந்த நிலையில் இடைவெளி பத்து அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஆட்டம் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். அப்போது தொகுப்பாளர் அதை அறிவிப்பார், அரங்கின் விளக்குகள் மங்கும். இடைவெளி பதினொன்று என்றால் வெற்றியாளர் ஏற்கெனவே முடிவாகிவிட்டார், புதிர் வெறும் மரியாதைக்கு. ஒரு புள்ளியில் இவ்வளவு வேறுபாடு!

பலகை திரும்பியதும் குழம்பிக் கிடக்கும் ஒன்பது எழுத்துகள் தெரியும். அவற்றை ஒழுங்குபடுத்தினால் ஒரு சொல் வரும். இங்கே தாளும் பேனாவும் உதவாது. தெரிந்தவுடன் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னவருக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை, மிச்ச நொடிகள் முழுவதும் எதிராளிக்குச் சொந்தம்.

பொத்தானை அவசரமாக அழுத்துவது நல்லதா?

பின்தங்கியவருக்கு நல்லது. விடை சொல்லாவிட்டால் எப்படியும் தோல்விதான், ஆகவே அரைகுறையாகத் தோன்றியவுடன் அழுத்திவிடலாம். முன்னிலையில் இருப்பவர் நிலைமை வேறு. இருவருமே விடை சொல்லாமல் முப்பது நொடி கடந்தால் அவரே வென்றவர். அவர் உறுதியில்லாமல் அழுத்தித் தவறிவிட்டால், எதிராளி பதற்றமே இல்லாமல் மிச்ச நேரம் முழுக்க யோசிப்பார். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது, எதிரில் இருப்பவரின் கை எப்போது இறங்கும் என்று தெரியாதே. அந்த நேரத்தில் இருவர் கைகளையும் பாருங்கள். முகத்தைவிடக் கைகள் அதிகம் பேசும்.

இடைவெளி சரியாகப் பத்து. பின்தங்கியவர் புதிரை விடுவித்துவிட்டார். பிறகு?

சமநிலை. இன்னொரு கனண்ட்ரம் வரும். அதிலும் முடிவு தெரியாவிட்டால் மற்றொன்று. ஒருவர் விடுவிக்கும்வரை தொடரும்.

அந்தக் கடிகாரமும் இசையும்?

வட்டக் கடிகாரத்தில் முள் உச்சியிலிருந்து கீழ்வரை பாதி வட்டம்தான் சுற்றும். மறுபாதிக்கு வேலையே இல்லை. முப்பது நொடிக்கும் ஒலிக்கும் இசையை அமைத்தவர் ஆலன் ஹாக்‌ஷா. பிரிட்டனில் அந்த இசையின் கடைசித் துணுக்கை யாராவது வாயால் இசைத்தால் ‘நேரம் முடிந்தது’ என்று பொருள். அக்கா வீட்டுக் குழந்தைகள் காலையில் பள்ளிக்குக் கிளம்பத் தாமதித்தால் அக்கா அதைத்தான் பாடுவாள்.

வென்றவருக்கு எவ்வளவு பணம்?

பணப் பரிசு கிடையாது. நிகழ்ச்சியின் கடிகார முகம் பதித்த தேநீர்க் கெண்டி ஒன்று உண்டு, அது பிரபலம். தொடரின் மொத்த வெற்றியாளருக்கு வைட்லியின் நினைவாக ஒரு கோப்பை. ஒரு காலத்தில் இருபது தொகுதிகள் கொண்ட ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியையும் தந்தார்கள். கோடிகளைக் காட்டி ஆளை இழுக்கும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு தேநீர்க் கெண்டிக்காக இவ்வளவு மனம் ஒன்றி ஆடுகிறார்களே என்பதுதான் எனக்கு இந்த நிகழ்ச்சியின்மேல் உள்ள பற்றின் வேர்.

ஒரு புள்ளியில் தோற்றவர் மறுபடி வரலாமா?

வழக்கமான விதிப்படி இல்லை. வென்றவர் அடுத்த ஆட்டத்தில் புதிய எதிராளியைச் சந்திப்பார், தோற்றவர் வீட்டுக்குப் போவார். தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றவர் தோல்வியே இல்லாமல் ஓய்வுபெற்று, தொடரின் இறுதிக் கட்டத்துக்குத் திரும்புவார். முதல் எட்டு இடங்களில் இருப்பவர்கள் கால் இறுதி ஆடுவார்கள்.

இதில் உள்ள கொடுமையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு ஆட்டங்களை வென்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதிரே, அவருக்கு இணையான ஒருவர் தன் முதல் ஆட்டத்துக்கு வந்து அமர்கிறார். இருவரும் மற்ற எந்த நாளிலும் வெல்லக்கூடிய அளவு புள்ளி எடுக்கிறார்கள். புதிரில் அரை நொடி முந்தியவர் ஜெயிக்கிறார். தோற்ற புதியவரின் தொலைக்காட்சி வாழ்க்கை அந்த ஒரே ஆட்டத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரே நாளில் பல ஆட்டங்களைப் பதிவு செய்வதால், வென்றவர் உடை மாற்றிக்கொண்டு சற்று நேரத்தில் மறுபடி அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அவருக்கும் இளைப்பாற நேரமில்லை.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் இதில் நெருங்கவாவது முடியுமா?

முடியும். எண் சுற்றுகள் நான்குக்கும் மொழி தேவையில்லை, அங்கேயே நாற்பது புள்ளி இருக்கிறது. சொல் சுற்றுகளிலும் தேவைப்படுவது இலக்கியப் பயிற்சி அல்ல, எழுத்துக்கூட்டல் நினைவு. இதற்குப் பக்கத்து விளையாட்டான ஸ்கிராபிளில் சிறந்த சான்று உண்டு. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றார். பொருள் தெரியாத சொல்லும் பலகையில் செல்லும்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

எண் சுற்றுக்கு எந்தச் செலவும் இல்லை. பழைய காலண்டர் அட்டையை 24 துண்டுகளாக வெட்டி எண்களை எழுதுங்கள். இலக்கை, அவ்வழியே போகும் பஸ்ஸின் பதிவெண்ணில் கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், நூறுக்குக் குறையாமல் இருந்தால் போதும். கைப்பேசியில் முப்பது நொடி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சரியான விடையைவிட ஒரு பழக்கம் முக்கியம். ஏழு புள்ளிக்கான நெருக்கமான விடையை முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு மிச்ச நேரத்தில் பத்துக்குத் தேடுங்கள். பலர் பத்தைத் தேடியே வெறுந்தாளோடு நிற்பார்கள்.

கனண்ட்ரத்துக்கு நாங்கள் செய்தது இது. அக்கா ஒன்பதெழுத்துச் சொல் ஒன்றைக் குழப்பி எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவாள். யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்கு அன்று பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. இப்போதும் சில காலைகளில் அவளிடமிருந்து குழம்பிய ஒன்பது எழுத்துகள் மட்டும் கைப்பேசியில் வந்து விழும். வணக்கமோ நலம் விசாரிப்போ இருக்காது. நான் விடையை அனுப்பிய பிறகுதான் பேச்சு தொடங்கும்.